கேன்டரில் கையில் பாரம் போடும் குதிரை: பிட்டை மாற்றினால் சரியாகுமா?

புழுதிக்கால்:

எல்லோருக்கும் வணக்கம். குதிரையேற்றம் பழக ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது. கடைசி ஐந்து மாதமாக ஒரே குதிரையில்தான் ஏறுகிறேன். ஒன்பது வயது, காயடித்த ஆண். உதைக்காது, கடிக்காது, ஏறும்போது அசையாமல் நிற்கும். நடையிலும் டிராட்டிலும் (நடைக்கு அடுத்த சீரான ஓட்டம்) ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கேன்டரில், அதாவது அதைவிட வேகமான தாவல் ஓட்டத்தில், ஒரு சுற்று முடிவதற்குள் தலையைக் கீழே இறக்கிக்கொண்டு மொத்த பாரத்தையும் என் கையில் போட்டுவிடுகிறது. நிறுத்த இழுத்தால் வாயைப் பிளந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகிறது. இறங்கும்போது இரண்டு தோள்பட்டையும் தண்ணீர்க் குடம் தூக்கியது மாதிரி வலிக்கிறது.

இப்போது வாயில் இருக்கும் பிட் (லகான் மாட்டும் வாய்க்கம்பி) நடுவில் ஒரே மூட்டு உள்ள, பக்க வளையம் அசையாத எக்பட் ஸ்னாஃபில். கற்றுக்கொடுப்பவர், "இவனுக்கு இதெல்லாம் விளையாட்டுச் சாமான், மூன்று வளைய கேக் பிட் போடு, இல்லாவிட்டால் டாம் தம்ப் போடு, அதுவும் ஸ்னாஃபில்தான், பயப்படாதே" என்கிறார். கூட ஏறுகிற ஒருவர், பிட்டே வேண்டாம், மூக்கில் அழுத்தும் ஹாக்கமோர் போட்டுவிடு, அதுதான் குதிரைக்குக் கருணை என்கிறார். விற்பனைப் பக்கங்களைத் திறந்தால் நூறு விதம் இருக்கிறது, எல்லாமே "மென்மையானது, அதே சமயம் நல்ல கட்டுப்பாடு தரும்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், எனக்குத் தலை சுற்றுகிறது.

எந்த பிட் வாங்கலாம் என்பதைவிட, ஒரு பிட் வாய்க்குள் என்னதான் செய்கிறது, கடுமை மென்மை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று யாராவது புரியும்படி சொன்னால் போதும்.


லாயத்துப்பூனை:

தம்பி, முதலில் அந்த டாம் தம்ப் விஷயத்தை முடித்துவிடுவோம், பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. நடுவில் மூட்டு இருந்தால் ஸ்னாஃபில் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், விற்கிறவர்களும் அப்படியே பெயர் போட்டு விற்கிறார்கள். மூட்டுக்கும் ஸ்னாஃபிலுக்கும் சம்பந்தமே இல்லை. லகான் எங்கே மாட்டுகிறது என்று மட்டும் பார். வாய்க்கம்பியின் மட்டத்திலேயே உள்ள வளையத்தில் மாட்டினால் ஸ்னாஃபில், நீ எவ்வளவு இழுக்கிறாயோ அவ்வளவுதான் வாய்க்குப் போகும். மூட்டே இல்லாத நேர்க்கம்பிகூட ஸ்னாஃபிலாக இருக்கலாம். வாய்க்கம்பிக்குக் கீழே தொங்கும் கையின் நுனியில் மாட்டினால் அது நெம்புகோல் பிட், அதில் எத்தனை மூட்டு இருந்தாலும் சரி. டாம் தம்புக்கு அந்தக் கீழ்க்கை உண்டு, கூடவே நடுவில் மூட்டும் உண்டு. ஒரு பக்க லகானை இழுத்தால் கை சுழன்று, கம்பி மடிந்து, எதிர்ப்பக்கத்திலும் ஏதோ அமுங்கி, குதிரைக்கு இடமா வலமா நிற்பதா என்று ஒன்றும் விளங்காது. என் அனுபவத்தில் அதைப் போட்டுத் தலையை ஆட்டாத குதிரை அபூர்வம்.

இனி வாய்க்கு வருவோம். முன்னால் வெட்டுப்பற்கள், பின்னால் கடைவாய்ப்பற்கள், நடுவில் கொஞ்ச தூரம் பல்லே கிடையாது. அந்த வெற்று ஈற்றின்மேல்தான் பிட் போகிறது. ஆண் குதிரைக்கு அங்கே முன்பக்கமாக ஒரு கோரைப்பல் இருக்கும், பெண் குதிரைக்குப் பெரும்பாலும் இருக்காது. அந்த ஈறு எப்படிப்பட்டது தெரியுமா? உன் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் தடவிப் பார், கட்டில்காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகுமே, அந்த இடம். தாடை எலும்பின் விளிம்பு, அதன்மேல் மெல்லிய தோல், நடுவில் சதை என்று ஒன்றும் இல்லை. இரண்டு பக்க ஈற்றுக்கும் இடையில் தடிமனான நாக்கு. வாய் மூடியிருக்கும்போது நாக்கு அண்ணம்வரை நிரம்பித்தான் இருக்கும், பிட்டுக்கென்று காலியிடம் எதுவும் அங்கே காத்திருக்கவில்லை. ஹிலரி கிளேட்டன் என்ற ஆய்வாளர் பிட் போட்ட குதிரைகளை எக்ஸ்ரேயில் பார்த்து ஆராய்ந்தவர். குதிரை நாக்காலேயே பிட்டைத் தூக்கும், தள்ளும், அமுக்கிப் பிடிக்கும் என்பதை அந்தப் படங்களில் பார்க்கலாம்.

ஆக ஸ்னாஃபிலில் அழுத்தம் போகும் இடங்கள் நாக்கு, வெற்று ஈறு, உதட்டோரம், சில சமயம் அண்ணம். நெம்புகோல் பிட்டில் இதோடு தாடைக்கு அடியில் சங்கிலி உட்காரும் குழியும், காதுக்குப் பின்னால் தலையுச்சியும் சேர்ந்துகொள்ளும். எந்தப் புது பிட்டைப் பார்த்தாலும் இந்த ஆறு இடத்தில் எங்கே எவ்வளவு என்று கேள், பெயரையும் விளம்பரத்தையும் விட்டுவிடு. ஒரு இடத்தில் அழுத்தம் குறைகிறது என்று யாராவது சொன்னால் உடனே "சரி, அது எங்கே போனது?" என்று கேட்க வேண்டும், ஏனென்றால் நீ இழுக்கும் பாரம் காற்றில் கரையாது.

மூன்று வளைய கேக்: பெரிய வளையத்தில் லகான் மாட்டினால் கிட்டத்தட்ட ஸ்னாஃபில் மாதிரிதான். கீழ் வளையத்துக்கு இறங்க இறங்க நெம்புகோல் கூடும். பொதுவாக இதைத் தாடைச் சங்கிலி இல்லாமல்தான் மாட்டுகிறார்கள், அதனால் பிட் சுழல்வதைத் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை. இழுக்க இழுக்க வாய்க்கம்பி உதட்டோரத்தை மேலே தூக்கும், தலைப்பட்டை உச்சியைக் கீழே அமுக்கும். ஒரே நேரத்தில் தலையைத் தூக்கு, தலையை இறக்கு என்று இரண்டு கட்டளை. தெரிந்தவர்கள் இரண்டு லகான் மாட்டி, மேல் வளையத்தில் ஓட்டிக்கொண்டு, தேவைப்பட்ட நொடிக்கு மட்டும் கீழ் லகானைத் தொடுவார்கள். ஒற்றை லகானைக் கடைசி வளையத்தில் மாட்டி இரண்டரை வருட அனுபவத்தில் தொங்கினால் உன் குதிரை நிற்கும்தான், முதல் பத்து நாள் ஆச்சரியமாக நிற்கும். அப்புறம் அதன்மேலும் பாரம் போடக் கற்றுக்கொள்ளும்.

ஒரு காரியம் செய். பிட்டைக் கழுவி எடுத்து உன் வெறும் முன்னங்கையின்மேல் எலும்புப் பக்கமாக வைத்துக்கொள், வேறொருவரை லகானைப் பிடித்து நீ கேன்டரில் இழுக்கிற அளவுக்கு இழுக்கச் சொல். பிறகு சும்மா விரலை மூடித் திறக்கச் சொல். நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது சீக்கிரம் புரிய வைக்கும்.


பல்_பார்ப்பவன்:

மேலே பூனை அக்கா சொன்னதில் மாற்றம் இல்லை. ஆனால் பிட் பேச்சுக்கு முன்னால் ஒரு கேள்வி: அந்த வாயைக் கடைசியாக யார், எப்போது திறந்து பார்த்தார்கள்?

நான் கால்நடை மருத்துவருக்கு உதவியாகப் போகிறவன், பல் அராவும் வேலைதான் பெரும்பாலும். குதிரையின் பல் வாழ்நாள் முழுவதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், மெல்லும்போது தேய்ந்துகொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல்பற்களின் வெளிப்பக்கமும் கீழ்ப்பற்களின் உள்பக்கமும் தேயாமல் கத்தி மாதிரி கூராகும். மேல்பல் கன்னத்தைக் கிழிக்கும், கீழ்பல் நாக்கைக் கிழிக்கும். நீ லகானை இழுக்கும்போது உதட்டோரமும் கன்னத்தின் உள்தோலும் பின்னால் போய் அந்தக் கூர்மேல் அமுங்குகிறது. மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டினால் வெளியிலிருந்தும் அமுக்குகிறது. இந்த நிலையில் உலகத்திலேயே மென்மையான பிட்டைப் போட்டாலும் குதிரை வாயைப் பிளக்கத்தான் செய்யும்.

அடுத்தது ஓநாய்ப்பல். மேல்தாடையில் முதல் கடைவாய்ப்பல்லுக்குச் சற்று முன்னால் கடுகு மாதிரியோ பட்டாணி மாதிரியோ ஒரு குட்டிப்பல் சில குதிரைகளுக்கு இருக்கும். எல்லாவற்றுக்கும் தொந்தரவு தராது. பிட் அதன்மேல் இடித்தால் அன்றிலிருந்து குதிரை ஒரு பக்கமாகத் திரும்ப மறுக்கும், அதைப் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருப்போம்.

பிறகு அளவு. குதிரையின் வாய் அகலத்தை எடுக்க ஒரு நேரான குச்சியை பிட் போகும் இடத்தில் வைத்து, உதட்டின் இரண்டு வெளி ஓரத்திலும் குறித்துக்கொள். எக்பட் மாதிரி அசையாத வளையமென்றால் அந்த அளவைவிட இரண்டு பக்கமும் சேர்த்து அரை சென்டிமீட்டர் கூடுதல் போதும். லூஸ் ரிங் என்றால் வளையம் ஓட்டைக்குள் சுழல்வதால் உதடு நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். ஒற்றை மூட்டு பிட் அகலமாகிவிட்டால் மூட்டு நடுவில் நிற்காது, ஒரு பக்க லகானை எடுத்ததும் மொத்தமும் அந்தப் பக்கம் சறுக்கி, மூட்டு ஈற்றின்மேலேயே வந்து உட்காரும். உதட்டோரத்தில் இரண்டு சுருக்கம் விழ வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே, சதைப்பற்றுள்ள உதட்டில் இரண்டு சுருக்கம் சும்மாவே விழும், மெல்லிய உதட்டில் இரண்டு விழ வைத்தால் நாள் முழுவதும் இளித்துக்கொண்டு நிற்கும். கோரைப்பல்லில் இடிக்காத உயரம், உதட்டை இழுத்துப் பிடிக்காத உயரம், அவ்வளவுதான்.


புழுதிக்கால்:

பூனை அக்கா, முன்னங்கைச் சோதனை செய்து பார்த்தேன். ஒற்றை மூட்டு கையை இரண்டு பக்கமும் கவ்வுகிறது, பாக்குவெட்டி மாதிரி. என் தம்பியை நான் இழுக்கிற அளவுக்கு இழுக்கச் சொன்னேன், இரண்டாவது முறை செய்ய விடவில்லை. கைத்தோல் சிவந்துவிட்டது.

பல் பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறார். அதற்குள் ஒரு சந்தேகம். ஒற்றை மூட்டுக்குப் பதில் பிரெஞ்ச் லிங்க், லாஸெஞ்ச், டாக்டர் பிரிஸ்டல், முல்லன், ரப்பர் என்று வாய்க்கம்பியில் மட்டும் இத்தனை இருக்கிறதே, இதெல்லாம் நிஜமாகவே வேறுவேறா, இல்லை விற்பதற்காகவா?


லாயத்துப்பூனை:

இரண்டும்தான்!

ஒற்றை மூட்டு கவ்வுவதை நீயே பார்த்துவிட்டாய். நாக்கின் இரு ஓரத்தையும் அது அமுக்கும். மூட்டு அண்ணத்தில் குத்தும் என்று எல்லோரும் சொல்வார்கள். நாக்கு தடுப்பதாலும் மூட்டு முன்னோக்கிச் சாய்வதாலும் எல்லாக் குதிரைக்கும் அப்படி நடப்பதில்லை. ஆனால் அண்ணம் தாழ்ந்த, நாக்கு தடித்த சின்ன வாய் என்றால் நடக்கலாம். நடுவில் ஒரு துண்டு சேர்த்து இரண்டு மூட்டு ஆக்கினால் கம்பி நாக்கின்மேல் வளைந்து படுக்கும், கவ்வுவது குறையும், அழுத்தம் நாக்கில் பரவும். பார்த்தாயா, குறையவில்லை, பரவியது. நாக்கின்மேல் அழுத்தம் பிடிக்காத குதிரைக்கு இதுவே தொல்லை.

அந்த நடுத்துண்டில்தான் சூட்சுமம். பிரெஞ்ச் லிங்க் என்பது உருண்டையான ஓரமுள்ள தட்டைத் துண்டு, நாக்கின்மேல் படிந்து கிடக்கும்படி செய்தது. டாக்டர் பிரிஸ்டலும் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் தட்டு நீளம், சாய்வாக வைத்திருப்பார்கள், லகானை எடுத்ததும் அதன் விளிம்பு நாக்கில் அழுந்தும். இரண்டையும் மாற்றி வாங்கிக்கொண்டு "என் குதிரைக்கு மென்மையான பிட் போட்டும் கேட்கவில்லை" என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐயமிருந்தால் இரண்டு கையிலும் பிடித்து, லேசாக இழுத்து, நடுத்துண்டின்மேல் கட்டைவிரலை வை. விளிம்பு பட்டால் பிரிஸ்டல், முகம் பட்டால் பிரெஞ்ச். லாஸெஞ்ச் என்பது தட்டுக்குப் பதில் பயறு மாதிரி உருண்ட துண்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் விளிம்பு கிடையாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

முல்லன் மூட்டில்லாத, லேசாக வில் மாதிரி வளைந்த கம்பி. அசையாது, கவ்வாது, வாயில் பிட் ஆடினாலே பதறும் குதிரைக்கு நிம்மதி. ஆனால் உன் குதிரை மாதிரி பாரம் போடும் ஆளுக்கு அது சாய்ந்து படுக்க ஒரு திண்ணை. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கர் ஜெனஃபனே, விறைப்பான பிட்டைக் குதிரை ஒரு பக்கம் கவ்வினால் மொத்தத்தையும் பிடித்துக்கொள்ளும், வளைந்து கொடுக்கும் பிட்டை அப்படிப் பிடிக்க முடியாது என்கிறார். முள் வைத்த பிட்டையும் அவர் சொல்கிறார் என்பது வேறு கதை, அதைப் பின்பற்ற வேண்டாம்.

தடிமன்: தடித்தது மென்மை, மெல்லியது கடுமை என்பது பாதி உண்மை. மெல்லிய கம்பி அதே பாரத்தைக் குறைந்த பரப்பில் இறக்கும், தயிர்ப்பானை கட்டிய கயிறு கையை அறுப்பது மாதிரி. ஆனால் நாக்கு நிரம்பிய வாயில் கட்டைவிரல் பருமன் கம்பியைத் திணித்தால் குதிரை வாயை மூடவே முடியாது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் டிரஸ்ஸாஜ் (நடைப்பயிற்சிப் போட்டி) விதியில் ஸ்னாஃபிலுக்குக் குறைந்தபட்சம் 14 மில்லிமீட்டர், இரட்டைக் கடிவாளத்தில் கர்ப்போடு (நெம்புகோல் பிட்) கூட வரும் சின்ன ஸ்னாஃபிலான பிரிடூனுக்கு அதைவிடக் குறைவு. ஒரே வாயில் இரண்டு பிட் போக வேண்டும் என்பதால் அங்கே மெலிதாக அனுமதிக்கிறார்கள். 14 என்பது நிறையக் குதிரைக்குப் பொருந்தும். முறுக்குக் கம்பி, சங்கிலி வைத்தது எல்லாம் உன் பக்கம் வரவே வேண்டாம்.

உலோகத்தைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளாதே. துருப்பிடிக்காத எஃகு ருசியில்லாதது, உழைக்கும். ஸ்வீட் அயர்ன் துருப்பிடிக்கும், அந்த ருசிக்குச் சில குதிரை எச்சில் ஊறிச் சப்பும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. தாமிரம் மெத்தென்றது, சீக்கிரம் தேயும், தேய்ந்த ஓரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் காய்ந்த வாயில் இழுபடும், கடித்துத் துப்பிவிடும் பிள்ளைகளும் உண்டு. குளிர்காலத்தில் எந்த உலோகமானாலும் போடுவதற்கு முன் உள்ளங்கையில் ஒரு நிமிடம் பிடி.

பக்க வளையங்கள் இன்னும் எளிது. எக்பட்டும் டி வளையமும் அசையாது, உதட்டைக் கிள்ளாது. லூஸ் ரிங் ஓடிக்கொண்டே இருப்பதால் உன் கையில் நடக்கும் சின்ன அசைவுகூட வாய்க்குப் போகும், நல்ல கைக்கு நல்லது. முழுக் கன்னக்கம்பி உள்ளது திரும்பும்போது கன்னத்தில் பட்டுத் தள்ளும், பிட் வாய்க்குள் இழுபட்டுப் போகாது, திரும்பத் தெரியாத இளங்குதிரைக்கு உதவும்.


நெம்புகோல்:

ஸ்னாஃபில் என்றால் புண்ணியம், கர்ப், அதாவது தாடைச் சங்கிலி உள்ள நெம்புகோல் பிட், என்றால் பாவம் என்கிற மாதிரி பேச்சு போகிறது, அதனால் எழுதுகிறேன். நான் வெஸ்டர்ன், அதாவது அமெரிக்க மாட்டுக்காரர் பாணியில் ஓட்டுகிறவன், இருபது வருடமாக ஒரே கையில் லகான்.

கணக்கைச் சரியாகப் போடுவோம். வாய்க்கம்பிக்கு மேலே உள்ள கை 5 சென்டிமீட்டர், கீழே உள்ள கை 10 சென்டிமீட்டர் என்று வை. சங்கிலி இறுகிய பிறகு லகானில் 1 கிலோ என்றால் சங்கிலியில் சுமார் 2 கிலோ, இரண்டும் சேர்ந்து வாயில் சுமார் 3 கிலோ. பயமாகத்தான் இருக்கும். ஆனால் இதில் எல்லோரும் விட்டுவிடுவது "சங்கிலி இறுகிய பிறகு" என்பதைத்தான். அதற்கு முன்னால் கை சுமார் 45 டிகிரி சுழல வேண்டும், சங்கிலியை அப்படித்தான் அளந்து மாட்டுவோம். அந்தச் சுழற்சி முழுவதும் எச்சரிக்கை. நான் சுண்டுவிரலைத் தூக்கினாலே லகானின் எடை மாறுவது குதிரைக்குத் தெரிகிறது, அது அதற்குள் பதில் சொல்லிவிடுகிறது, 3 கிலோவுக்கு வேலையே வருவதில்லை. கீழ்க்கை பின்னோக்கி வளைந்திருந்தால் எச்சரிக்கை நீளும், நேராக இருந்தால் சட்டென்று பிடிக்கும். இது பேசிப் பழகிய குதிரைக்கான கருவி. கலிஃபோர்னியா வாக்கெரோக்கள் (மாடு மேய்க்கும் குதிரைக்காரர்கள்) மூக்கில் மாட்டும் போசாலில் தொடங்கி, பிறகு போசாலும் பிட்டும் சேர்த்து, கடைசியில்தான் நடுவில் உயர்ந்த தகடு உள்ள ஸ்பேட் பிட்டுக்குப் போவார்கள், அதற்குப் பல வருடம் எடுக்கும். அந்த பிட்டைப் படத்தில் பார்த்தால் சித்திரவதைக் கருவி மாதிரி இருக்கும், ஓட்டும்போது பார்த்தால் லகான் தொய்ந்து தொங்கிக்கொண்டிருக்கும்.

தாவல் ஓட்டத்திலும் அப்படித்தான். ஸ்னாஃபிலில் இரண்டு கையாலும் முழு பலத்தோடு மூன்று நிமிடம் தொங்குவதைவிட, பெல்ஹாமில் ஒரு நொடி கேட்டு உடனே விடுகிறவர் குதிரைக்கு நல்லது செய்கிறார். பெல்ஹாமுக்கு இரண்டு லகான், மேலே ஸ்னாஃபில், கீழே கர்ப். தோல் இணைப்புப் போட்டு ஒற்றை லகானாக்கினால் இரண்டும் கலந்து மழுங்கும்.

போர்ட் வைத்த கம்பி, அதாவது நடுவில் மேடு. சின்ன, அகலமான மேடு நாக்குக்கு இடம் கொடுக்கும், அதற்குப் பதில் பாரம் ஈற்றுக்குப் போகும். உயர்ந்த மேடு சுழலும்போது அண்ணத்தைத் தொடும். பூனை கேட்ட "எங்கே போனது" கேள்வி இங்கேயும் அதேதான்.

ஹாக்கமோர் கருணை என்று சொன்ன நண்பருக்கு: எந்த ஹாக்கமோர் என்று கேள். மூக்கின்மேல் தோல்பட்டையும் பக்கத்தில் வளையமும் மட்டும் உள்ளதா, பின்னிய பச்சைத்தோல் போசாலா, இல்லை இரும்புக் கையும் தாடைச் சங்கிலியும் உள்ள மெக்கானிக்கல் வகையா? கடைசியது நெம்புகோல்தான், வாய்க்குப் பதில் மூக்கில் போட்டிருக்கிறார்கள். மூக்கெலும்பு கீழே போகப்போக மெலிந்து, முடிந்த இடத்தில் குருத்தெலும்பாகிறது. அந்த இடத்தில் மாட்டி இழுத்தால் மூச்சே அடைபடும். பிட் இல்லை என்பதற்காக வலி இல்லை என்று ஆகிவிடாது.

அதற்காக உனக்கு கர்ப் போடு என்று சொல்லவில்லை. உன் குதிரை பாரம் போடுகிறது, நீயும் விடாமல் பிடிக்கிறாய். நீ பிடிக்கிற வரைக்கும் கயிறிழுக்கும் போட்டி நடக்கும். எதிராளி திடீரென்று கயிற்றை விட்டால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் விளையாடியிருப்பாய்.


புழுதிக்கால்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பல் பார்த்தாயிற்று. ஓநாய்ப்பல் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் மேல்பற்கள் நன்றாகக் கூராகி, இடது கன்னத்தின் உள்ளே நகம் அளவுக்கு ஒரு புண், ஆறியும் ஆறாமலும். வந்தவர் விளக்கை அடித்துக் காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை, இந்த ஐந்து மாதமும் நான் அதன்மேல்தான் இழுத்திருக்கிறேன். அராவி முடித்து பத்து நாள் பிட்டே போடவில்லை, நடக்க வைத்தது மட்டும்தான்.

குச்சி வைத்து அளந்தால் வாய் 12.5 சென்டிமீட்டர். போட்டிருந்த பிட் 14! தடிமன் 20 மில்லிமீட்டருக்குப் பக்கம். இப்போது 13 சென்டிமீட்டரில், 14 மில்லிமீட்டர் லாஸெஞ்ச் எக்பட் போட்டிருக்கிறேன். மூக்குப்பட்டையில் இரண்டு விரல் நுழையும்படி தளர்த்திவிட்டேன். வாய் பிளப்பது முதல் நாளே பாதியாகக் குறைந்தது. ஆனால் பாரம் போடுவது நிற்கவில்லை, ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டாவது சுற்றில் ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். நெம்புகோல் அண்ணா சொன்ன மாதிரி கயிற்றை விட்டுப் பார்த்தேன். குதிரை தடுமாறி முன்னால் விழப் போய், டிராட்டுக்கு இறங்கி, என்ன ஆயிற்று என்று காதைத் திருப்பிப் பார்த்தது. நானும் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.


நெம்புகோல்:

மொத்தமாக விட்டுவிட்டாயா? தவறு என்னுடையது, சரியாகச் சொல்லாமல் விட்டேன். ஒரு பக்கத்தை மட்டும், அதுவும் உள்பக்க லகானை, ஒரு தாவல் நேரத்துக்கு இரண்டு அங்குலம் முன்னே கொடு, வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொள். சாய ஒரு பக்கத்தில் சுவர் இல்லையென்றால் அது தன் காலில் நிற்க வேண்டியிருக்கும். அப்புறம் இரண்டாவது சுற்றில் பாரம் போடுகிறது என்று தெரிகிறதல்லவா, முதல் சுற்றின் முக்கால் பங்கிலேயே நீயாகவே டிராட்டுக்கு இறக்கு, ஆறு காலடி டிராட், மறுபடி கேன்டர். அதன் பின்னங்கால்களுக்கு இன்னும் அவ்வளவு நேரம் தாங்கும் வலு வரவில்லை, களைத்ததும் உன் கையை ஐந்தாவது காலாக வைத்துக்கொள்கிறது. வட்டத்தில் செய், நேர்கோட்டில் வேண்டாம்.


பல்_பார்ப்பவன்:

புண் ஆறியதா என்று இன்னொரு முறை விரல் விட்டுப் பார்க்கச் சொல். பழக்கத்தில் வாயைப் பிளப்பதற்கும் வலியில் பிளப்பதற்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. அடுத்த அரம் ஆறு மாதத்திலா ஒரு வருடத்திலா என்று வந்தவரிடமே கேட்டுக்கொள், இவ்வளவு கூர் வந்த வாய்க்கு நான் ஆறு மாதம்தான் சொல்வேன்.


புழுதிக்கால்:

புண் மூடிவிட்டது, நேற்றுதான் பார்த்தார். உள்லகான் கொடுப்பது முதலில் எனக்குக் கை கேட்கவில்லை, கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு முழங்கையைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தேன், கூட ஏறுகிறவர் காணொளி எடுத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. நேற்று நான்கு முறை இறக்கி ஏற்றினேன். நான்காவது முறை ஒரு அரை வட்டம் லகானில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது, லகான் அறுந்துவிட்டதா என்று பயந்து பார்த்தேன்.

கற்றுக்கொடுப்பவர் இன்னும் கேக் பிட் போடவில்லையே என்று முணுமுணுக்கிறார். சமாளித்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று, அந்தப் பழைய 14 சென்டிமீட்டர் எக்பட் சும்மா கிடக்கிறது, வாய் பெரிய குதிரை ஒன்று இருக்கிறது, அதற்குக் கொடுக்கலாமா?


லாயத்துப்பூனை:

கொடுப்பதற்கு முன்னால் வளையமும் கம்பியும் சேரும் இடத்தையும் நடு மூட்டையும் பஞ்சால் துடைத்துப் பார். எங்காவது ஒரு நூல் மாட்டினால் யாருக்கும் கொடுக்காதே, ஆணியில் மாட்டித் துண்டு உலர்த்த வைத்துக்கொள். என் லாயத்தில் அப்படி மூன்று தொங்குகின்றன.